விக்டோரியா காலத்து வரிசை வீடு: பின்கட்டு விரிவாக்கக் குறிப்புகள்

பிப்ரவரி 3
லண்டனில், பழைய தெருத் தோற்றத்தைக் காக்கும் பாதுகாப்புப் பகுதிக்குள் இருக்கும் 1880-களின் வீடு. பின்கட்டுக்கும் மதிலுக்கும் நடுவே கிடக்கும் குறுகிய சந்தினைச் சமையலறையோடு சேர்க்க வேண்டும். நேர் பின்னால் 3 மீட்டர் வரை, தரைத்தளம் மட்டும் என்றால், ஆர்ட்டிக்கிள் 4 உத்தரவு (அனுமதியின்றிக் கட்டும் உரிமையை நீக்கும் உத்தரவு) இல்லாத தெருவில், உயர வரம்புக்குள் அடங்கினால் பொதுவாகத் திட்ட அனுமதி தேவைப்படாது. சந்தினை மூடுவதோ பக்கவாட்டு விரிவாக்கம். அதற்கு விண்ணப்பித்தே ஆக வேண்டும். பின்பக்கம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று பலர் சறுக்குவது இங்கேதான்.

பிப்ரவரி 10
பக்கத்து வீட்டுக்குப் பொதுச்சுவர் (இரு வீட்டுக்கும் பொதுவான சுவர்) அறிவிப்பு. 3 மீட்டருக்குள் அவர்கள் கடைக்காலைவிட ஆழமாகத் தோண்ட 1 மாதம், பொதுச்சுவரில் கை வைக்க 2 மாதம் முன்னதாகக் கொடுக்க வேண்டும். 14 நாளில் பதில் வராவிட்டால் சட்டம் அதைத் தகராறாகவே கொள்ளும். தபாலில் போடுமுன் நேரில் போய் ஒரு தேநீர் குடித்துவிடுவது மலிவு.

மே 19
தோண்டியாயிற்று. பழைய சுவர் படிபடியாக அகலும் செங்கல் அடியின் மேல் நிற்கிறது. அரை மீட்டர் ஆழம்கூட இல்லை. கீழே களிமண்: கோடையில் சுருங்கும், மழையில் ஊதும். புதுக் கடைக்காலுக்கு 1 மீட்டர், மரத்தருகே இன்னும் கீழே. ஆழம் வேறானால் அசைவும் வேறு. அதனால் புதுச் சுவரைப் பழையதோடு பல் கோத்துக் கட்டவில்லை. துருப்பிடிக்காத எஃகுப் பட்டை, நடுவே 10 மி.மீ. செங்குத்து இடைவெளி, அமுங்கும் நிரப்பி.

மே 27
காற்றுத்துளைக் கற்கள். பழைய அறைகளின் மரத்தளத்துக்கு அடியில் காற்று இவற்றின் வழியாகத்தான் ஓடுகிறது. புதுக் கான்கிரீட் தளம் அதை அடைத்துவிடும். தளம் உடனே கெடாது. சில வருடம் கழித்துச் சுவருக்குள் செருகிய கட்டை முனை உளுத்திருக்கும், அப்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது. கான்கிரீட்டுக்கு முன்பே ஒவ்வொரு துளையிலிருந்தும் 100 மி.மீ. குழாய், புதுச் சுவரைத் தாண்டி வெளியே.

ஜூன் 5
புதுச் செங்கல் 65 மி.மீ. உயரம், இங்குள்ள 'லண்டன் ஸ்டாக்' என்ற பழைய மஞ்சள் செங்கல் 68. சாந்துக் கனம் ஒன்றேயானால் 10 வரியில் 3 செ.மீ. விலகும். ஆகவே பழைய கல்லே வாங்கினோம், சுண்ணாம்பில் கட்டியிருந்தது மட்டும். சிமெண்ட் ஒட்டியதைத் தட்டினால் கல்தான் உடையும். பழைய சுவரில் நெடுக்கும் குறுக்கும் மாறி மாறி வருகின்றன. நடுவே வெற்றிடம் விட்ட புது இரட்டைச் சுவரில் குறுக்குக்கல்லுக்கு இடமில்லை என்பதால் பாதியாக நறுக்கி முகம் மட்டும் காட்ட வைத்தோம்.

சாந்து: என்.எச்.எல். 3.5 (நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு) 1, கூர்மணல் 3. சிமெண்ட் பூசினால் ஈரம் கல் வழியாகவே வெளியேறும். உறைபனியில் கல்லின் முகம் உரியும்.

ஜூன் 12
கூரை சுவரோடு சேருமிடத்தில் 'கோட் 4' (Code 4) தடிமன் ஈயத்தகடு. துண்டு 1.5 மீட்டருக்குள். வெயிலில் நீள இடமில்லாவிட்டால் ஈயம் மடிந்து கிழியும். சாந்துக் கோட்டில் 25 மி.மீ. செருகி ஈய ஆப்பு அடித்தாயிற்று.