அஷ்டமியில் நிலா பார்க்கக் கூப்பிட்டால்

நிலவில் உள்ள பள்ளங்களைத் தொலைநோக்கியில் பார்க்கத் தோதான நாள் வளர்பிறை அஷ்டமி. இதை எங்கள் தெருவில் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. "அஷ்டமியும் அதுவுமா அக்கம்பக்கத்தைக் கூப்பிடறியே, வேற நாளே கிடைக்கலையா?" என்பது அம்மா. "பௌர்ணமிக்கு வர்றேன் சார், அன்னைக்குத்தானே முழுசா இருக்கும்" என்பது எதிர்வீட்டுப் பெரியவர்.

முழுசாக இருப்பதுதான் தொல்லை. பௌர்ணமியன்று வெயில் நிலவின் மேல் நேராக அடிக்கிறது. நிழலே விழாது; நிழல் இல்லாவிட்டால் மேடு எது, பள்ளம் எது? கண் கூசுவதுதான் மிச்சம். அஷ்டமியில் பாதி நிலா. இருட்டும் வெளிச்சமும் சேரும் கோட்டில் அப்போதுதான் பொழுது விடிந்துகொண்டிருக்கும். சாய்ந்த வெயிலில் பள்ளத்தின் ஒரு விளிம்பு பளிச்சென்று மின்ன, உள்ளே மை கொட்டிய இருட்டு. அதுவும் சாயங்காலமே நிலா உச்சிக்கு வந்துவிடுவதால் யாரும் தூக்கம் கெட வேண்டாம். இவ்வளவையும் விளக்கிச் சொல்லி, ராகுகாலம் முடிந்துவிட்டது என்றும் உறுதி கொடுத்த பிறகுதான் பெரியவர் பேரனோடு மாடி ஏறினார்.

விழுப்புரத்தில் பகலெல்லாம் வெந்த மொட்டைமாடி, இரவு எட்டு மணிக்கும் அனல் கக்கும். அந்தச் சூட்டுக் காற்றில் நிலா தண்ணீருக்கடியில் கிடப்பது போல நெளியும். அம்மா இரண்டு வாளித் தண்ணீரைத் தரையில் தெளித்துவிட்டு, அந்த உரிமையில் முதல் ஆளாக முக்காலியில் உட்கார்ந்தார். என்னுடையது டாப்சோனியன் என்ற வகை, 6 அங்குல ஆடி வைத்த தொலைநோக்கி. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இனிமே யாரையும் நிலா மாதிரி முகம்னு சொல்லக் கூடாதுப்பா" என்றார்.

அடுத்தது பெரியவர். "போயிடுச்சு சார், நான் எதையும் தொடலை!" யாரும் எதுவும் செய்ய வேண்டாம், பூமி சுற்றுகிற வேகத்தில் நூறு மடங்கு உருப்பெருக்கத்தில் நிலா இரண்டு நிமிடத்தில் தானாகவே நகர்ந்துவிடும். திரும்ப நேராக்கிக் கொடுத்தேன். "தலைகீழா இருக்கே?" ஆடி வைத்த தொலைநோக்கியில் அப்படித்தான் தெரியும் என்றேன். அதை நம்பாமல், கழுத்தை முடிந்தவரை வளைத்துப் பார்த்தார். அன்று இரவு அவருக்குத் தைலம் தேவைப்பட்டதாகக் கேள்வி.

நடுவில் மூன்று பள்ளங்கள் வரிசையாக நின்றன: டாலமேயஸ், அல்ஃபோன்சஸ், ஆர்சாக்கெல். டாலமேயஸின் அகலம் சுமார் 150 கிலோமீட்டர், கிட்டத்தட்ட இங்கிருந்து சென்னை வரைக்கும் ஒரே பள்ளம் என்றேன். "நடுவுல டோல்கேட் எத்தனை?" என்றார். பேரனுக்கு அல்ஃபோன்சஸ்தான் பிடித்தது. 1965இல் ரேஞ்சர் 9 விண்கலம் படம் எடுத்து அனுப்பிக்கொண்டே அதற்குள் மோதி நொறுங்கியது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். உடைந்த துண்டுகளைக் காட்டு என்று பிடித்துக்கொண்டான்.

அதைச் சமாளிப்பதற்குள் பெரியவர், "அதை விடுங்க, சந்திரயானைக் காட்டுங்க" என்றார். 2023 ஆகஸ்ட் 23இல் சந்திரயான்-3இன் விக்ரம் கலம் இறங்கிய இடம் தென்துருவத்துப் பக்கம், அந்த வட்டாரத்தைக் காட்டலாம், ஆனால் கலத்தைக் காட்ட முடியாது என்றேன். இந்தக் குழாயில் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டருக்குக் குறைந்த எதுவும் தனியாகத் தெரியாது. விக்ரம் ஒரு மினி வேன் அளவுகூட இல்லை. பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. "சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம்ம ஊர்க்காரர். நம்ம ஊர்க்காரர் இறக்கினது நம்ம மாடியில தெரியலைன்னா எப்படி சார்?"

இதற்கு இயற்பியலில் பதில் இல்லை. தசமியன்று வாருங்கள், கோபர்னிகஸ் பள்ளத்தில் பொழுது விடியும், படிக்கட்டு படிக்கட்டாக உள்சுவரே தெரியும் என்று சமாதானம் சொன்னேன். தசமிக்கு அவருக்குக் கல்யாணமாம். அதாவது, போக வேண்டிய கல்யாணம். "அடுத்த அஷ்டமி எப்போ?" என்றார். நாள்காட்டியைப் பார்த்துத் தேதி சொன்ன அம்மா, அது தேய்பிறை, பைரவருக்கு விசேஷம் என்பதையும் சேர்த்துச் சொன்னார். தேய்பிறை அஷ்டமியில் நிலா உதிக்கவே நள்ளிரவு ஆகும் என்பதை மட்டும் இருவரிடமும் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அந்தத் தேய்பிறை அஷ்டமியன்று மாலையே பெரியவர் கோயில் பிரசாதத்தோடு வந்துவிட்டார். மாடியில் நாற்காலி போட்டு, ஆறு மணிக்கே இடம் பிடித்தாயிற்று.