மகாமுக்குப் பின்னால் இரண்டு ரக்அத்

மக்காவுக்குச் செல்லும் சிறு யாத்திரையான உம்ராவுக்குக் கிளம்பும் முன் மூன்று மாதம் தயாரானேன். யாத்திரையில் சொல்லும் தல்பியா மனப்பாடம், ஒவ்வொரு சுற்றிலும் என்ன துஆ (பிரார்த்தனை) கேட்பது என்று ஒரு பட்டியல், கஃபாவை முதன்முதலில் பார்க்கும்போது என்ன கேட்பது என்று தனியாக ஒன்று. கஃபாவை ஏழு முறை சுற்றும் தவாஃபுக்குப் பிறகு வரும் இரண்டு ரக்அத் (தொழுகையின் ஒரு அலகு) தொழுகைக்கு மட்டும் எந்தத் தயாரிப்பும் இல்லை. இரண்டே ரக்அத்தானே, அதில் என்ன இருக்கிறது என்ற நினைப்பு. ஒரே ஒரு ஆசை மட்டும் இருந்தது, அதை, இப்ராஹீம் நபி நின்ற கல் இருக்கும் மகாமு இப்ராஹீமுக்கு நேர் பின்னால், கண்ணாடிக்கூண்டை ஒட்டி நின்று தொழ வேண்டும் என்று.

உம்மாவுடன்தான் போயிருந்தேன். எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வலி உண்டு, மாடியில் சக்கர நாற்காலியில் சுற்றலாம் என்று சொன்னால் கேட்கவில்லை. நள்ளிரவு இரண்டு மணிக்குமேல் கஃபாவைச் சுற்றும் தளமான மதாஃபில் இறங்கினோம். வெறுங்காலில் அந்த வெள்ளைச் சலவைக்கல்லின் குளிர்ச்சி பட்டதுமே பாதி வலி போய்விட்டது என்றார். உம்மா விரலில் ஏழு மணி கோத்த சின்னச் சரம், ஒரு சுற்று முடிந்தால் ஒரு மணியைத் தள்ளுவார். நான் சுற்றுக் கணக்கைத் தவற விட்டேன், உம்மா விடவில்லை. ஹஜருல் அஸ்வத் (கறுப்புக் கல்) மூலைக்கு நேரே இருக்கும் பச்சை விளக்கைக் கடந்து கடைசி மணியைத் தள்ளியபோது "முடிஞ்சிருச்சு வாப்பா" என்றார், கொஞ்சம் வருத்தத்தோடு.

அந்த மூலையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கஃபாவின் வாசலுக்கு எதிர்ப்பக்கம் மகாம் வந்துவிடுகிறது. தங்க நிறச் சட்டம், உள்ளே கண்ணாடி, அதற்குள் வெள்ளி பதித்த கல்லில் இரண்டு பாதச் சுவடுகள். கஃபாவைக் கட்டும்போது சுவர் உயர உயர இப்ராஹீம் (அலை) ஏறி நின்ற கல், மகன் இஸ்மாயீல் (அலை) கீழிருந்து கற்களை எடுத்துக் கொடுத்தார்கள். முதலில் அது கஃபாவை ஒட்டியே இருந்ததாகவும், நபித்தோழர் உமர் (ரலி) காலத்தில் தள்ளி வைக்கப்பட்டதாகவும் அறிவிப்புகள் உண்டு. இந்த இடத்தைத் தொழுமிடமாக ஆக்கிக்கொள்ளலாமே என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டதும் உமர் (ரலி) அவர்கள்தான், அதன் பிறகுதான் "இப்ராஹீம் நின்ற இடத்தைத் தொழுமிடமாக ஆக்கிக்கொள்ளுங்கள்" என்ற வசனம் இறங்கியது, குர்ஆனின் பகரா சூராவில் (அத்தியாயத்தில்) 125ஆவது வசனம். கண்ணாடிக்கூண்டு முதலில் 1967இல் வைத்தது, அதற்கு முன் ஒரு சின்னக் கட்டடமே அங்கே நின்று சுற்றுகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருந்ததால் அதை எடுத்துவிட்டார்கள். இடைஞ்சல் என்று கட்டடத்தையே எடுத்த இடத்தில் போய் நான் நின்றேன், அதுதான் கதை.

உம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராகக் கூண்டுக்குப் பின்னால் போனேன். நாலு அடி இடம் காலியாகத் தெரிந்தது. அது காலியே இல்லை, இரண்டு கூட்டங்களுக்கு இடையில் விழுந்த இடைவெளி. தக்பீர் கட்டி (தொழுகையைத் தொடங்கி) முதலில் ஓதும் ஃபாத்திஹா சூராவில் பாதி போவதற்குள் ஒரு தோள் இடித்தது, அப்புறம் இன்னொன்று. ருகூவில் குனிந்தால் முன்னால் ஒரு நாற்பது பேர் கைகோத்து சங்கிலியாக வருகிறார்கள், எந்த நாடோ தெரியாது, எல்லார் கழுத்திலும் ஒரே நிறத் துணி. ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தபோது வலது கை விரலை யாரோ மிதித்துவிட்டார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை, அவர் தவாஃபில் இருக்கிறார், நடுப்பாதையில் படுத்துக் கிடந்தது நான். "ஹாஜி, தரீக், தரீக்" (வழி, வழி) என்று காவலர் குரல் தலைக்குமேல் கேட்டது. எப்படியோ இரண்டாவது ரக்அத்தையும் ஓட்டி சலாம் கொடுத்துத் திரும்பிப் பார்த்தால், உம்மா தக்பீரே கட்டவில்லை. இரண்டு கையையும் விரித்து என் பக்கம் வருகிறவர்களை விலக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தார். அந்த முழங்காலோடு.

என்ன ஓதினேன் என்று எனக்கு நினைவில்லை. முதல் ரக்அத்தில் குல் யா சூரா, இரண்டாவதில் குல்ஹுவல்லாஹு சூரா, நபி (ஸல்) அவர்கள் ஹஜ்ஜில் அப்படித்தான் ஓதினார்கள், சின்ன வயதிலிருந்து தெரிந்த சூராக்கள், இருந்தும் ஓதினேனா என்றே தெரியவில்லை.

"இதுக்குப் பேரு தொழுகையா வாப்பா?" என்றார் உம்மா. கோபமில்லை, நிஜமாகவே கேட்டார்.

எங்கள் குழுவோடு வந்த ஹஜ்ரத் (மார்க்க அறிஞர்) முந்தின நாளே சொல்லியிருந்தார், நான்தான் காதில் வாங்கவில்லை. மகாமுக்குப் பின்னால் என்றால் ஒட்டி நிற்பதல்ல, உங்களுக்கும் கஃபாவுக்கும் இடையில் மகாம் வருகிற மாதிரி எவ்வளவு பின்னால் போனாலும் சரி, அதுவும் முடியாவிட்டால் ஹரமில் (மக்காவின் புனித எல்லைக்குள்) எங்கே வேண்டுமானாலும் தொழலாம், நபியின் மனைவி உம்மு ஸலமா (ரலி) அவர்கள் தவாஃப் முடித்துப் பள்ளிக்கு வெளியே போய்த்தான் தொழுதார்கள் என்று. கூண்டைத் தடவி முத்தமிடுகிறவர்களைக் காட்டி இன்னொன்றும் சொன்னார்: "தடவச் சொல்லலை, தொழத்தான் சொல்லியிருக்கு."

பின்னால் நடந்தோம். மகாம் கண்ணைவிட்டு விலகாமல் நேர்கோட்டில், கூட்டம் மெலிகிற வரை, தூண்கள் வரை. அங்கிருந்து பார்த்தால் மகாம் ஒரு பொன்னிறப் புள்ளி, அதற்குப் பின்னால் கறுப்பாக கஃபா, நடுவில் மனிதர்கள் ஓடுவது ஆற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. உம்மா என்னைப் பார்த்து "தோளை மூடு" என்றார். அப்போதுதான் பார்க்கிறேன், வலது தோள் திறந்தே இருக்கிறது. தவாஃபுக்காகத் துண்டை வலது அக்குளுக்குக் கீழே விட்டுப் போடுகிறோமே, இழ்திபா, அது தவாஃபோடு முடிந்தது, தொழுகைக்கு இரண்டு தோளையும் மூடிக்கொள்ள வேண்டும். முன்னால் அவசரத்தில் அப்படியே நின்று தொழுதிருக்கிறேன். உம்மாவே துண்டின் ஓரத்தை இழுத்துத் தோள்மேல் போட்டு, இரண்டு தட்டு தட்டினார், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி.

"இப்ப நீ முன்னாடி நில்லு, நான் பின்னாடி தொழறேன்."

அந்த இரண்டு ரக்அத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. குல் யா சூராவை ஒவ்வொரு ஆயத்தாக (வசனமாக) ஓதினேன், ஆறு ஆயத்து. ஸஜ்தாவில் நெற்றியில் கல்லின் குளிர்ச்சி. பின்னால் உம்மா எழுந்திருக்கும்போது கை ஊன்றுகிற சத்தமும் "யா அல்லாஹ்" என்று மூச்சோடு வருவதும் கேட்டது. வீட்டில் எப்போதும் நாற்காலியில் தொழுகிறவர், அன்று நின்றே தொழுதார். எங்கள் ஷாஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) இது சுன்னத்துதான், கட்டாயமில்லை, உட்கார்ந்தும் தொழலாம் என்று சொல்லிப் பார்த்தேன், "அது உங்க சட்டம்" என்றுவிட்டார்.

மத்ஹப் விஷயம் இரண்டு நாள் கழித்து வேறு மாதிரி வந்தது. அஸர் (மாலைத் தொழுகை) முடிந்து ஒரு நஃபில் (விருப்ப) தவாஃப் செய்தோம். கூட வந்த, ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் தவாஃப் முடிந்ததும் தொழாமல் உட்கார்ந்துவிட்டார். அவர்கள் மத்ஹபில் இந்தத் தொழுகை வாஜிப் (கட்டாயம்), ஆனால் அஸருக்குப் பின் மக்ரிப் வரை தொழுவதில்லை, சூரியன் மறைந்தபின் தொழுவார்கள். நாங்கள் உடனே தொழுதோம், இந்த வீட்டைச் சுற்றுவதையும் இங்கே தொழுவதையும் இரவோ பகலோ எந்த நேரத்திலும் தடுக்காதீர்கள் என்ற ஹதீஸ் எங்களுக்கு ஆதாரம். நான் தொழுது முடிக்கும்வரை எங்கள் செருப்புப் பையைப் பார்த்துக்கொண்டது அவர்தான். மக்ரிபுக்குப் பிறகு அவர் பையை நான் பார்த்துக்கொண்டேன்.

கிளம்புகிற நாள் கடைசி தவாஃப். முடித்ததும் பழக்கதோஷத்தில் என் கண் மறுபடி கூண்டுப் பக்கம் போனது, அன்று உண்மையிலேயே கூட்டம் குறைவு, போயிருக்கலாம். கையைப் பிடிக்கத் திரும்பினால் உம்மா பக்கத்தில் இல்லை. தேடினேன். பின்னால் தூண் ஓரத்தில், தனக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விட்டு, அந்த இடத்தில் செருப்புப் பையை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வலது தோளைத் தொட்டுக் காட்டினார். அன்று நான் இஹ்ராம் துண்டில் இல்லை, சட்டைதான் போட்டிருந்தேன்.