கை தொடும் கட்டத்தை எங்கே வைப்பது?

மழைக்கு ஒதுங்கிய இரண்டு பேர். ஒரே குடை. பிடியில் அவள் விரலும் அவன் விரலும் முதல்முறையாகப் படுகின்றன. காதல் காமிக்ஸ் வரைகிறவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்தக் கணத்துக்கு வந்து சேர்வார்கள். திரையில் மேலிருந்து கீழாக உருட்டிப் படிக்கும், வாரம் ஒன்றாக வரும் வெப்டூனில் இதை வைக்கும் இடம் வேறு, ஒரே மூச்சில் முடியும் மாங்கா என்ற ஜப்பானிய காமிக்ஸ் கதையில் வேறு. இது தெரியாமல் வரைந்தால், எவ்வளவு அழகான படமும் மனதில் தைக்காது.

ஒரே இதழில் தொடங்கி அதிலேயே முடியும் கதையை ஜப்பானில் யோமிகிரி என்பார்கள். பெரும்பாலும் 30 முதல் 50 பக்கம். 1954இல் தொடங்கிய நகயோஷி, 1955இல் வந்த ரிபோன் போன்ற சிறுமியர் மாத இதழ்களில் தொடர்களோடு இந்த முழுக்கதைகளும் இடம்பெறும். இதில் வாசகரைக் காக்க வைக்க இருக்கும் பெரிய கருவி, தாளைத் திருப்புவது. புத்தகத்தில் 1ஆம் பக்கம் தனியாக நிற்கும். அதன்பின் 2-3, 4-5 என ஜோடி ஜோடியாக வரும். ஆகவே ஒற்றைப்படைப் பக்கத்தின் கடைசிப் படக்கட்டத்தில் கேள்வி, அடுத்த இரட்டைப்படைப் பக்கத்தில் பதில். 31ஆம் பக்க முடிவில், பாதியில் தயங்கி நிற்கும் விரல்களை மட்டும் காட்டுங்கள். 32இல் அவள் முகம் முழுப்பக்கத்துக்கு வரட்டும். தாள் புரளும் அந்த அரை நொடியும் கதையாகிவிடும். அதே முகம் 33இல் இருந்தால், 32ஐப் படிக்கும்போதே ஓரக்கண்ணில் பட்டுவிடும். மாங்கா வலமிருந்து இடமாக ஓடினாலும், தமிழில் நாம் இடமிருந்து வலமாக வரைந்தாலும், பக்க எண் கணக்கு இதேதான்.

வெப்டூனில் தாள் கிடையாது, இடைவெளிதான். 2000களின் தொடக்கத்தில் கொரிய இணையதளங்களில், கையில் ஸ்மார்ட்போன் வருவதற்கு முன்பே, மவுஸ் சக்கரத்தை உருட்டிப் படிப்பதற்காக உருவான வடிவம் இது. 800 பிக்சல் அகலத்தில் வரைந்தால், போன் திரையில் ஒரே பார்வையில் தெரியும் உயரம் சுமார் 1,400 முதல் 1,700 பிக்சல். விரல் படத்துக்கும் முகத்துக்கும் நடுவே 200 பிக்சல் மட்டும் விட்டால் இரண்டும் சேர்ந்தே தெரிந்துவிடும். விரல் கட்டம் 600 பிக்சல் உயரம் என்றால், கீழே 1,200 பிக்சலாவது வெறும் நிறமாக விடுங்கள். சாதாரணப் பேச்சுக்கு 150 முதல் 250 போதும். கண்ட இடத்தில் எல்லாம் நீளமாக விட்டால் வாசகரின் கட்டைவிரல் வேகமாகத் தள்ளப் பழகிவிடும். முகம் வரும்போதும் அதே வேகத்தில் தாண்டிப் போய்விடும்.

ஆனால் தொடரில் உண்மையான காத்திருப்பு இரண்டு எபிசோடுகளுக்கு நடுவே கிடக்கும் ஏழு நாள். ஒவ்வொரு முடிவிலும் வாசகரை அடுத்த வாரத்துக்கு இழுக்கும் கொக்கி வேண்டுமே என்ற பதற்றத்தில், விரல் தொடப்போகும் நேரம் பார்த்து யாரோ கூப்பிடுவார்கள், போன் அடிக்கும். முதல் தடவை தவிப்பு வரும். மூன்றாவது தடவை, கதையை இழுக்கிறார்கள் என்று வாசகருக்குப் புரிந்துவிடும், எரிச்சல்தான் மிஞ்சும். தொடுவதை எபிசோடின் நடுவிலேயே நடத்திவிடுங்கள். கடைசிக் கட்டத்தில், மறுநாள் அவள் தன் சொந்தக் குடையோடு வந்து நிற்கட்டும். தொடுவார்களா என்று காத்திருந்தவர், இப்போது ஏன் என்று ஒரு வாரம் யோசிப்பார். இந்தக் கொக்கிதான் வலுவானது, ஏனென்றால் இது அவள் மனதிலிருந்து வருகிறது.

முழுக்கதையில் இடிப்பது இடம். 32 பக்கம், பக்கத்துக்கு ஐந்தாறு கட்டம் என்றால் மொத்தம் 170 சொச்சம். 40 கட்ட எபிசோடாகப் பார்த்தால் நாலேகால்தான் தேறும். இதில் மூன்றாவது ஆளாக ஒரு போட்டிக்காரனை நுழைப்பது பெரும் தவறு. அவனை மனிதனாகக் காட்டவே ஐந்து பக்கம் போய்விடும், அது இருவரின் நெருக்கத்திலிருந்துதான் கழியும். இரண்டு பேர், ஓர் இடம், சொல்லாத ஒரு விஷயம் போதும். நாலாம் பக்கத்துக்குள் சந்தித்துவிட வேண்டும். காதலைச் சொல்வதைக் கடைசிப் பக்கத்துக்கு ஒத்திப்போடாதீர்கள். சொன்ன பிறகு அந்த இருவரும் எப்படி மூச்சு விடுகிறார்கள் என்று பார்க்க இரண்டு பக்கமாவது வேண்டும், முடிந்தால் பேச்சே இல்லாமல்.

முழுக்கதையை அப்படியே நறுக்கித் தொடராக்கினால் முதலில் அடிவாங்குவது எழுத்து. பெரிய தாளுக்குப் போட்ட எழுத்து போனில் எறும்பாகிவிடும். ஜப்பானிய வசன பலூன்கள் மேலிருந்து கீழாக எழுதுவதற்காக ஒடுக்கமாக, உயரமாக இருக்கும். 'சொல்லியிருக்கலாம்' என்ற ஒரே சொல் அதில் அடங்காமல் நடுவில் உடையும். ஆகவே கரட்டு வரைவிலேயே வசனத்தை எழுதி, அதைச் சுற்றி பலூனை வரைய வேண்டும்.

வெப்டூனைப் புத்தகமாக்கும்போது சிக்கல் தலைகீழ். 1,200 பிக்சல் வெறுமைக்குத் தாளில் இடமில்லை. எனவே அவள் முகத்தை எப்படியாவது இரட்டைப்படைப் பக்கத்துக்குத் தள்ள வேண்டும். அதற்கு ஒரு பக்கம் குறைந்தால், முன்னால் மழையை மட்டும் ஒரு பக்கம் வரைந்துவிடுங்கள்.