இரட்டைன்னா அப்படித்தானா?

செவ்வாய்க்கிழமை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கான நாள். பத்து மணிக்குள் பெஞ்சு நிறைந்துவிடும். அதில் இரட்டைக் குழந்தை சுமப்பவர் யாரென்று பதிவேட்டைப் பார்க்காமலே தெரிந்துவிடும். ஏழாம் மாதத்திலேயே நிறைமாத வயிறு. உட்காரும் முன் கை ஊன்ற இடம் தேடுவார்.

செவிலியராக இவர்கள் வீட்டாரிடம் நான் அதிகம் கேட்டது, "இரட்டைன்னா அப்படித்தான் சிஸ்டர்" என்பதைத்தான். மாமியார் சொல்வார், கணவர் சொல்வார், கடைசியில் அந்தப் பெண்ணே சொல்வார். பாதி நேரம் அது உண்மையும்கூட. அதுதான் சிக்கல்.

ஒற்றைக் குழந்தை என்றால் வயிற்றை டேப்பால் அளக்கும்போது சென்டிமீட்டரும் வாரக் கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போகும். இரட்டையில் 30 வாரத்துக்கே 35, 36 காட்டும். எனவே குழந்தைகளின் வளர்ச்சிக்கு ஸ்கேனைத்தான் நம்ப வேண்டும். மேலேறிய கருப்பை இரைப்பையை அழுத்துவதால் நாலு வாய் சாப்பிட்டதும் நெஞ்சு எரியும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். "மூணு பேருக்குச் சாப்பிடணும், இவ கொறிக்கிறா" என்று மாமியார் குறைபடுவார். இடம் இருந்தால்தானே சாப்பிட! கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை கொடுங்கள் என்போம். மல்லாந்து படுத்தால் பெரிய ரத்தக்குழாய் அழுந்தித் தலை சுற்றும். இடது பக்கம் ஒருக்களித்து, பழைய சேலையை மடித்து வயிற்றுக்கடியில் முட்டுக் கொடுத்தால் ஓரளவு தூங்கலாம்.

சரி, இதெல்லாம் இரட்டையின் பாடு. வீக்கத்தை மட்டும் அப்படி விட முடியாது.

ஒரு பெண்ணுக்கு மெட்டி விரலுக்குள் புதைந்திருந்தது. முந்தின முறையே கழற்றச் சொல்லியிருந்தோம், வீட்டில் சம்மதிக்கவில்லை. சோப்பு நுரை போட்டு, நூலைச் சுற்றி, மெல்ல மெல்ல உருவினேன். கணுக்காலுக்கு மேல் கட்டை விரலை அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நின்றது. மாலையில் கால் வீங்கிக் காலையில் வடிந்தால் எனக்குக் கவலையில்லை. இவருக்கோ காலையிலேயே முகமும் கைவிரல்களும் உப்பியிருந்தன. தலைவலிக்கிறதா என்று கேட்டேன். "வெயில்ல வந்தேன் சிஸ்டர், அதான்" என்றார். பிரஷர் 150/100, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம். இரட்டைக் கர்ப்பத்தில் ரத்த அழுத்தக் கோளாறு வரும் வாய்ப்பு அதிகம். 108-ஐ வரவழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

அரிப்பும் அப்படித்தான். வயிற்றுத் தோல் விரிந்து அரிப்பது சகஜம். தடிப்பே இல்லாமல், இரவில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தால் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும். நிறைய பேர் வேப்பிலை அரைத்துப் பூசி, ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்கள்.

அப்புறம் வளைகாப்பு. இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரம் முடியுமுன்பே பிறந்துவிடுகிறார்கள். ஆனால் வீட்டில் ஒன்பதாம் மாதத்துக்கு மண்டபம் பேசி முன்பணமும் கொடுத்திருப்பார்கள். ஏழாம் மாதத்திலேயே வைத்துவிடுங்கள் என்றால், முகூர்த்தம் அமையவில்லையே என்று இழுப்பார்கள். ஒரு மாமியாரிடம், "அப்ப பேர் வைக்கிற விழாவோட சேர்த்துக்குங்கம்மா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. தேதியை மட்டும் மாற்றிவிட்டார்.