வெள்ளவத்தையில் ஒரு வால்வ் ஆம்ப்

யாழ்ப்பாணத்தில் இரவு பஸ் ஏறி விடியற்காலை கொழும்பு வெள்ளவத்தையில் இறங்கியபோது என்னிடம் இருந்தது தோளில் டெலிகாஸ்டர் எலெக்ட்ரிக் கிற்றார், கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல், அவ்வளவுதான். காலி வீதிக் கடை ஒன்றில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டுக் கடலோரத் தண்டவாளப் பக்கம் போய் உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்கு முன்னால் யார் வீட்டிலும் கிற்றாரை முழக்க முடியாதே.

ஒரு அண்ணை விற்க வைத்திருந்த வால்வ் ஆம்புக்காகத்தான், அதாவது கிற்றாரின் சத்தத்தைக் கண்ணாடிக் குழாய் வால்வ்களால் பெருக்கும் பெட்டிக்காகத்தான், இவ்வளவு தூரம். சிறிய பட்டறை ஒன்றில், கையாலேயே கம்பி கம்பியாகப் பற்றவைத்துக் கட்டியது. முன்பகுதியில் 12ஏஎக்ஸ்7 வகை வால்வ் மூன்று, வெளியீட்டுக்கு 6வி6 வகை வால்வ் இரண்டு, மாறுமின்னோட்டத்தை நேரோட்டமாகத் திருத்தவும் ஒரு வால்வ், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, 20 வாட்டுக்குக் கிட்ட. "எல்லாச் சத்தமும் வரும் தம்பி" என்று போனில் சொல்லியிருந்தார்.

முதலில் பின்பக்கத் தகட்டைப் பார்த்தேன், 230 வோல்ட் என்றிருந்தது. நல்லது. அமெரிக்காவுக்கென்று 120 வோல்ட்டில் செய்த ஆம்புகளை இங்கே தனி டிரான்ஸ்போமர் இல்லாமல் போட முடியாது, அதிலும் 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் சுற்றிய டிரான்ஸ்போமர் நம்முடைய 50 ஹேர்ட்ஸில் அதிகமாகச் சூடேறும். அப்புறம் ஸ்பீக்கர் வயர் சரியாகச் செருகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். அது இல்லாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்போமர் போய்விடலாம்.

"குமிழுகளைத் திருப்பிப் பாருங்கோவன்" என்றார் அண்ணை.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை, முதல் கையால பாப்பம்."

ஒரு ஆம்ப் எத்தனை விதமாகப் பேசும் என்பதை நான் அதன் குமிழ்களை எண்ணிப் பார்ப்பதில்லை. சத்தம் உடைந்து கரகரக்கத் தொடங்கும் இடத்தில் ஆம்பை வைத்துவிட்டு, பிறகு அதைத் தொடாமல், கிற்றாரின் வொல்யூமையும் வலது கையையும் மட்டும் வைத்துத்தான் பார்ப்பேன். கிற்றாரின் வொல்யூமைப் பத்தில் 4க்கு இறக்கி பைலா தாளம் அடித்தேன். ஒவ்வொரு வெட்டும் தனித்தனியாக, கண்ணாடி மாதிரி வந்தது. 7க்கு ஏற்றி மெதுவாக மீட்டினால் சுத்தம், அதே இடத்தில் அழுத்தி அடித்தால் கரகரப்பு. முழுவதும் திறந்ததும் தொண்டையிலிருந்து பாடுகிற மாதிரி ஒரு நீளம். தோடி ராகத்தில் காந்தாரத்தை அசைத்துப் பார்த்தபோது, கமகத்தின் அந்தச் சின்ன ஏற்ற இறக்கம் எல்லாம் மழுங்காமல் ஸ்பீக்கரில் கேட்டது, நான் அங்கேயே அரை மணி நேரம் நின்றுவிட்டேன். கிற்றாரின் வொல்யூமைக் குறைத்தால் பெரும்பாலும் கூர்மையான மேல் சத்தமும் சேர்ந்து போர்வைக்குள் போய்விடும், இதில் பெரிதாகப் போகவில்லை.

பிறகு அண்ணையின் லெஸ் பால் வகைக் கிற்றார். அதிலுள்ள ஹம்பக்கரோடு (இரட்டைச் சுருள் பிக்கப்) கீழ்க்கம்பிகள் தடித்து வந்தன, ஆம்பின் பாஸ் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கியபின் சரியானது. ஆனால் மெட்டல் இசையின் ரிதம் இதில் வரவே வராது. வேகமாக அடித்தால், அந்த மின்திருத்தி வால்வில் மின்னழுத்தம் ஒரு கணம் தொய்வதால் கீழ்ச்சத்தம் இறுகாமல் பஞ்சுபோல் அமுங்கிவிடுகிறது. கமகத்துக்கு உதவிய அதே தொய்வுதான். "எல்லாச் சத்தமும்" என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை, அவரிடமே சொன்னேன்.

இன்னொன்று, 20 வாட் என்றால் சின்னது என்று நினைக்க வேண்டாம். அதை 2 வாட்டாகக் குறைத்தாலும் காதுக்குப் பாதியாகத்தான் குறையும். ஆம்பின் மொத்தச் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ்டர் வொல்யூமை இறக்கினால் அறைக்கு அடங்குகிறது, ஆனால் அப்போது உடைவது முன்வால்வ்கள் மட்டும்; 6வி6இன் அந்தச் சூடு போய்விடுகிறது. பக்கத்து வீட்டில் குழந்தை தூங்கும் நேரம் என்று அண்ணையின் மனைவி வந்து சொல்ல, அந்த மெல்லிய சத்தத்தையும் நன்றாகக் கேட்டுப் பார்த்தேன். வீட்டில் பெரும்பாலும் அப்படித்தானே வாசிக்கப் போகிறேன்.

விலை பேசி முடிந்ததும் ஆம்பை அணைத்து, பிளேன்டீ குடித்து, வால்வ்களின் சூடு ஆறும் வரை காத்திருந்தோம். இரவு ஆம்ப் பஸ்ஸின் சாமான் பெட்டிக்குள் போனது. கழற்றிய இரண்டு 6வி6உம் அந்த மின்திருத்தி வால்வும், பழைய சாரத்துண்டில் தனித்தனியாகச் சுற்றி, வவுனியா தாண்டும் வரை என் மடியில் இருந்தன.