டிராய் மரக்குதிரை: பென்சில் படம், பலகை வேலை முடிந்த நிலை

கிரேக்க வீரர்கள் உள்ளே ஒளிந்துகொண்டு டிராய் நகருக்குள் நுழைந்ததாகக் கதை சொல்லும் மரக்குதிரையின் மிகப் பழைய உருவங்களில் ஒன்று, கிரேக்கத்தின் மிகோனோஸ் தீவில் 1961இல் கிடைத்த பெரிய மண்தாழியில் இருக்கிறது. காலம் ஏறத்தாழ கி.மு. 670. குளம்புகளுக்கு அடியில் சக்கரம், உடம்பில் சதுரச் சன்னல்கள், சன்னலுக்கு ஒரு வீரன் தலை. சக்கரத்தை மட்டும் எடுத்துக்கொண்டாயிற்று. ஒளிந்திருப்பவன் எட்டிப் பார்த்தால் கதையே கெட்டுவிடும்!

தாள் ஏ3, 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) கனம், நெட்டுவாக்கில். பென்சில் 2எச் (வெளிர்), எச்பி (நடுத்தரம்), 4பி (கருமை).

பக்கவாட்டில் பார்த்தால் குதிரையின் நீளமும் தோள் உயரமும் ஏறக்குறைய சமம். இரண்டுமே தலை நீளத்தைப் போல் இரண்டரை மடங்கு. 16 செ.மீ. சதுரம், 6.4 செ.மீ. தலை. முன்பக்கமும் பக்கவாட்டும் சேர்ந்து தெரியும் முக்கால் பார்வைக்குத் திருப்பியதும் நீளம் 12 செ.மீ. அளவுக்குச் சுருங்கும். தரையில் நிற்கும் ஆள் 3 செ.மீ. அப்படியானால் தோள்வரை சுமார் 9 மீட்டர். வயிற்றின் ஆழத்தை 9 செ.மீ. வைத்தால்தான் உள்ளே ஆட்கள் அடங்குவார்கள் என்று தோன்றும். நிஜக் குதிரைக்கு இது தொப்பைதான்; மரக்குதிரைக்கு வேண்டியது.

அதிகம் சறுக்குவது பலகையில். கண்மட்டம் ஆள் தலை உயரத்தில் இருக்கிறது, அதாவது வயிற்றைக் கீழிருந்து பார்க்கிறோம். எனவே உடம்பைச் சுற்றி வரும் வளைகோடுகள் மேல்நோக்கி வளைய வேண்டும். கீழ்நோக்கி வளைத்தால் மேலிருந்து பார்ப்பதாகிவிடும். 9 மீட்டர் குதிரை மேசைப் பொம்மையாகிவிடும். நீளவாட்டுப் பலகைகள் வயிற்றின் நடுவில் 5 மி.மீ. அகலம், விளிம்பை நெருங்க நெருங்க 2 மி.மீ. எல்லாவற்றையும் ஒரே அகலத்தில் போட்டால், எவ்வளவு நிழல் தீட்டினாலும் உருண்டை வராது. பலகை முனைகள் ஒரே கோட்டில் சேரக்கூடாது, மாறிமாறி வரவேண்டும்.

இரும்பாணித் தலை வேண்டாம். துருக்கிக் கரையோரம் உளுபுருனில் மூழ்கிக் கிடந்த கி.மு. 14ஆம் நூற்றாண்டுக் கப்பலில் பலகைகளைத் துளையும் கழுந்தும் (துளைக்குள் செருகும் மரத்துண்டு) வைத்துக் கோத்து, மர முளை அடித்து இறுக்கியிருந்தார்கள். கழுந்து உள்ளே மறைந்துவிடும். வெளியே தெரிவது முளைத் தலை மட்டும். இணைப்புக் கோட்டின் இருபுறமும் ஒவ்வொரு புள்ளி, அதுவும் வெளிச்சம் படும் பக்கத்தில் மட்டும் போதும். வீரர்கள் வெளியே வரும் ரகசியக் கதவுக்குத் தனிச் சட்டம் வரையக்கூடாது. அதன் விளிம்புகள் பலகை இணைப்புகளோடு ஒன்ற வேண்டும்; ஒரு கோட்டை மட்டும் 4பியால் சற்று அழுத்தலாம்.

சக்கரம் 2 செ.மீ., மூன்று பலகை சேர்த்த முழு வட்டு. ஆரக்கால் தேருக்குச் சரி, இந்தப் பாரத்துக்கு நம்பும்படி இல்லை. நீள்வட்டத்தின் குறுகிய அச்சு, இருசின் (சக்கரம் சுழலும் தண்டின்) திசையிலேயே இருக்க வேண்டும். தவறினால் சக்கரம் கழன்று விழுவதுபோல் இருக்கும்.

நிழல் முதலில், மர ரேகை பிறகு. விலாப் பலகை ஃபிர் என்ற ஊசியிலை மரம் என்கிறார் ரோமானியக் கவிஞர் விர்ஜில். அது வெளிர் நிறம், நேரான ரேகை. ஐந்து பலகைக்கு ஒன்றில் போட்டால் போதும். எல்லாவற்றிலும் போட்டால் உருண்டை தட்டையாகிவிடும்.

மீதி பின்னணிச் சுவர். டிராய் இருந்த இடமான ஹிசார்லிக்கில் நிற்கும் ஆறாம் டிராய் (அடுக்கடுக்கான குடியிருப்புகளில் ஆறாவது) மதில் சரிவானது, இடைவெளி விட்டுச் செங்குத்து மடிப்புகள் கொண்டது. 2எச் மட்டும் போதும். சுவர் கருமையானால் குதிரையை விழுங்கிவிடும்.