2016 ஜூன் 23: பவுண்டு ஆர்டர் கையில் இருக்கும் ஏற்றுமதியாளர்களுக்கு

(2016 ஜூனில், வாக்கெடுப்புக்குச் சில நாள் முன் எழுதியது.) வரும் வியாழக்கிழமை, ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்று பிரிட்டன் மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள். தோலும் ஷூவும் ஏற்றுமதி செய்யும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இந்தப் பேச்சு வந்தாலே, "விலகிட்டா டியூட்டி (இறக்குமதி வரி) என்ன ஆகும்?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு இப்போது தூக்கம் கெட வேண்டியதில்லை. ஒன்றியத்தின் லிஸ்பன் ஒப்பந்தத்தின் 50ஆவது பிரிவுப்படி பிரிட்டன் முறையாகக் கடிதம் கொடுத்தால், அதற்குப் பிறகு இரண்டு வருடம் பேச்சுவார்த்தைக்கு உண்டு. அதுவரை டியூட்டி அப்படியேதான். கிலோ தோலில் குரோமியம் 6 என்ற நச்சு வகை மூன்று மில்லிகிராமைத் தொடக்கூடாது என்று 2015 மே மாதம் வந்த ஒன்றிய விதியும் அப்படியேதான். லேப் டெஸ்டை நிறுத்திவிடாதீர்கள்.

ஒரே ராத்திரியில் மாறக்கூடியது பவுண்டு.

ஜோடி 20 பவுண்டு, 5,000 ஜோடி ஷூ என்று வைத்துக்கொள்வோம். இன்வாய்ஸ் 1 லட்சம் பவுண்டு. பவுண்டு 97 ரூபாய் என்றால் கைக்கு வருவது 97 லட்சம். 89க்கு இறங்கினால் 8 லட்சம் குறையும். தோல், சோல், லைனிங், கூலி எல்லாம் ஏற்கெனவே ரூபாயில் கொடுத்தாகிவிட்டது. 6 சதவீத லாபத்தில் ஓடும் கம்பெனிக்கு அந்த ஆர்டரில் கிடைக்க இருந்ததே 5.82 லட்சம்தான். ஆக, அந்த லாபமும் போய், கைக்காசும் போகும்.

இதற்கு ஒரு வழி ஃபார்வர்ட்: பின்னால் வரும் பவுண்டுக்கு இன்றே வங்கியோடு விலை பேசி ஒப்பந்தம் போடுவது. அதில் அடிக்கடி நடக்கும் தப்பு, ஷிப்மென்ட் தேதிக்குப் போடுவது. பையருக்கு (சரக்கு வாங்குபவருக்கு) 60 நாள் கடன் இருந்தால் பவுண்டு வருவது அதற்கும் பிறகுதான். தேதியை நீட்டிக்கப் போனால் வங்கி சார்ஜும் விலை வித்தியாசமும் தலையில் விழும். பணம் வரும் தேதிக்குப் போடுங்கள். உறுதியான ஆர்டர் காப்பி இருப்பதற்கு மட்டும் போடுங்கள். பையர் ஆர்டரைக் குறைத்தாலும் ஃபார்வர்ட் குறையாது. பவுண்டு ஏறியிருக்கும் நேரத்தில் அதை ரத்து செய்தால் வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். ஆப்ஷன் வாங்கினால், பேசிய விலையில் விற்கும் உரிமை மட்டும் உண்டு, கட்டாயம் இல்லை; ஆனால் வாக்கெடுப்பு பயத்தில் அதற்கான கட்டணம் (பிரீமியம்) ஏறிக் கிடக்கிறது. சிறிய கம்பெனிகளுக்கு என் யோசனை, பாதிக்கு ஃபார்வர்ட். மீதியில் முடிந்தவரை பேக்கிங் கிரெடிட்டை (ஷிப்மென்டுக்கு முன் ஆர்டருக்காக வங்கி தரும் கடனை) பவுண்டிலேயே எடுத்து, இன்றைய விலையில் ரூபாயாக மாற்றிவிடுவது. பின்னால் வரும் பவுண்டே அந்தக் கடனை அடைத்துவிடும்.

யார் ஜெயிப்பார்கள்? போனில் கேட்ட கணிப்புகளில் பல மாதம் 'இருப்போம்' முந்தியது. ஆன்லைனில் கேட்டவை ஏறக்குறைய சமம். இந்த மாத நடுவில் போன் கணிப்புகள் சிலவற்றிலும் 'விலகுவோம்' முந்திவிட்டது. பிரிட்டனின் 2015 பொதுத்தேர்தலில் கணிப்புகள் மொத்தமும் தவறின என்பதை மறக்கக்கூடாது. கணிப்பை நம்பி மொத்தப் பணத்தையும் ஒரே பக்கம் வைப்பது ஆபத்து.

வேலூரில் நர்சிங் படித்துவிட்டு பிரிட்டனில் வேலை பார்ப்பவர்கள் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருந்தாலும், 9ஆம் தேதிக்குள் பெயர் பதிந்திருந்தால் ஓட்டு உண்டு, காமன்வெல்த் நாட்டவர் என்பதால். பக்கத்து வார்டில் வேலை பார்க்கும் போலந்துக்காரருக்குக் கிடையாது. நம்மவர்களில் விலகலை ஆதரிப்பவர்கள் ஐரோப்பியர் விசா இல்லாமல் வருவதைத்தான் சுட்டுகிறார்கள். அந்த வரவு குறைந்தால் நமக்கு விசா கூடும் என்பது அவர்கள் எண்ணம். அப்படி எந்தச் சட்டமும் உறுதி தரவில்லை.

நம் நேரப்படி வெள்ளி அதிகாலை 2:30க்கு ஓட்டுப்பதிவு முடியும். டிவிக்காரர்களின் எக்ஸிட் போல் (ஓட்டுப் போட்டு வருபவர்களிடம் கேட்கும் கணிப்பு) கிடையாது. எண்ணும் பகுதிகள் 382. முதலில் முடிவு சொல்லப் போட்டி போடும் ஊர்களில் சண்டர்லேண்டும் ஒன்று. 5 மணியை ஒட்டி வரலாம். விலகல் பக்கம் சாயும் என்று எதிர்பார்க்கிற ஊர், அதனால் வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். நம் அந்நியச் செலாவணிச் சந்தை திறப்பது 9 மணிக்கு. அதற்குள் லண்டன், சிங்கப்பூர் வியாபாரிகள் விலையை ஒரு இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருப்பார்கள். வங்கிக் கிளையில் கையெழுத்துப் போட்ட பேப்பர், பவுண்டை வாங்கி விற்கும் டிரஷரி பிரிவுக்குப் போய்ச் சேரவே ஒரு நாள் ஆகிறது. உங்களுக்கு ஃபார்வர்ட் லிமிட் (வங்கி அனுமதிக்கும் உச்ச அளவு) இருக்கிறதா என்று திங்கட்கிழமையே கேட்டு, புதன் மதியத்துக்குள் முடித்துவிடுங்கள்.